கேபினட் ஸ்மோக்கர் நிறைய ரிப்ஸ்: மேல் தட்டு கருகுகிறது, கீழ்த் தட்டு வேகவில்லை. எதை முதலில் பார்ப்பது?

இரண்டு பட்டை வைத்தபோது சொன்னபடி கேட்ட ஸ்மோக்கர், பன்னிரண்டு பட்டை வைத்ததும் வேறு ஆளாகிவிடும். (கேபினட் ஸ்மோக்கர் என்பது அடியில் நெருப்போ ஹீட்டரோ இருக்க, அடுக்குத் தட்டுகளில் இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அலமாரி மாதிரியான பெட்டி. பட்டை என்று நான் சொல்வது விலா எலும்புகளைப் பிரிக்காமல் இருக்கும் ஒரு முழுத் துண்டை.) ஒரு தட்டில் ஓரம் கருகியிருக்கும், இன்னொரு தட்டில் இடுக்கியால் தூக்கினால் பலகை மாதிரி விறைத்து நிற்கும். எனக்கே இது போதுமான தடவை நடந்திருக்கிறது. அப்புறம், கூட்டத்துக்குச் சமைக்கிற நண்பர்கள் பாதிச் சமையலில் போன் போட்டு "ஒண்ணு கருகுது, ஒண்ணு வேகல, சூட்டை ஏத்தவா?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

ஏற்றாதீர்கள். ஏற்றினால் ஏற்கெனவே முந்திக்கொண்டிருக்கும் பட்டைதான் இன்னும் முந்தும். பெட்டிக்குள் காற்று எந்த வழியாக மேலே போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், குமிழை கடைசியில்தான் தொட வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி செலவு வைக்கும் காரணம் வரை போகிறேன். எல்லா வெப்ப அளவும் செல்சியஸ்.

## எதையும் தொடுவதற்கு முன்

கதவில் இருக்கும் டயலை வைத்து ஒரு முடிவும் எடுக்க வேண்டாம். அது கதவுத் தகட்டை ஒட்டி, இறைச்சியிலிருந்து தள்ளி, ஒரே ஒரு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 10, 15 டிகிரி தப்பாகக் காட்டுவது சர்வ சாதாரணம், 25 டிகிரி தப்பிய டயலையும் பார்த்திருக்கிறேன். ஒயர் ப்ரோப் (ஒயர் நுனியில் இருக்கும் அளக்கும் குச்சி) வைத்த தெர்மாமீட்டர் வேண்டும், குறைந்தது இரண்டு ப்ரோப், நான்கு இருந்தால் நிம்மதி. அந்த ப்ரோப்பையும் சோதித்துவிடுங்கள்: நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் 100 (மேட்டுப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 டிகிரி குறையும்).

ஒரு ப்ரோப் மேலிருந்து இரண்டாவது தட்டில், இன்னொன்று கீழிருந்து இரண்டாவது தட்டில், தட்டின் மட்டத்தில், இறைச்சியிலிருந்து மூன்று விரல் தள்ளி. குளிர்ந்த இறைச்சியை ஒட்டி வைத்தால் அந்தக் குளிரைத்தான் காட்டும்.

காலிப் பெட்டியில் அளந்துவிட்டு "என் ஸ்மோக்கர் சமமாத்தான் இருக்கு" என்று சாதிப்பவர்கள் உண்டு. காலிப் பெட்டியில் சூடான காற்று தடையில்லாமல் மேலே ஓடிவிடும். நிரப்பியதும் கதையே வேறு. ஒவ்வொரு தட்டு இறைச்சியும் சூட்டை வாங்கிக்கொண்டு ஈரத்தை விடும், மேல் தட்டுக்குப் போய்ச் சேரும்போது காற்று களைத்துப் போயிருக்கும். அதனால் நிரப்பிய பெட்டியில் எடுத்த அளவு மட்டும்தான் கணக்கு. தட்டுக்குத் தட்டு பிரெட் துண்டு வைத்து எது முதலில் சிவக்கிறது என்று பார்க்கும் வித்தை சமையலறை ஓவனுக்குச் சரி. 110 டிகிரியில் பிரெட் காயும், சிவக்க மனசே வராது.

## அறிகுறி 1: ஒரு தட்டு முந்துகிறது, இன்னொரு தட்டு பின்தங்குகிறது

இரண்டு ப்ரோப்புக்கும் இடையே 8, 10 டிகிரி வித்தியாசம் என்றால் அது கோளாறு இல்லை, பெட்டியின் சுபாவம். தட்டுகளை இடம் மாற்றினால் போதும், அதைக் கீழே சொல்கிறேன். 15க்கு மேல் போனால் காரணம் தேடுங்கள்.

### கீழ்த் தட்டு முந்தினால்

தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள். காலியாகியிருக்கும், அல்லது கழுவ எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க மறந்திருப்பீர்கள். அந்தப் பாத்திரத்தின் முதல் வேலை ஈரம் கொடுப்பது என்று நினைக்கிறோம், அதைவிட முக்கியமான வேலை கீழே இருக்கும் நெருப்பின் நேரடி அனலைத் தடுப்பது. காலியானால் கீழ்த் தட்டு ஸ்மோக் ஆவதை விட்டுவிட்டு வறுபட ஆரம்பிக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது சூடாகிற வரைக்கும் உங்கள் இறைச்சிக்குப் போக வேண்டிய சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். நடுவில் நடுவில் ஊற்ற முடியாதென்றால் பாத்திரத்தில் காய்ந்த மணலை நிரப்பி மேலே அலுமினியத் தாளை மூடி வையுங்கள். ஈரம் கிடைக்காது, தடுப்பு கிடைக்கும்.

பாத்திரம் சரியாக இருந்தும் இதே கதை என்றால் நெரிசல். எட்டுத் தட்டு இருக்கிறது என்பதற்காக எட்டையும் விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பக்கூடாது. சுற்றிலும் 4, 5 செ.மீ., பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம். இடம் போதவில்லையா, பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்டு, அல்லது கூரையிலிருந்து தொங்கவிடும் கொக்கி. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அவித்த மாதிரி வெளிறிப் போகும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நண்பரின் ஸ்மோக்கரில் மேல் நான்கு தட்டும் எப்போதும் பின்தங்கும். ஹீட்டர் மாற்றினார், கதவு சீல் மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. போய்க் கதவைத் திறந்து பார்த்தால், கழுவுகிற வேலை குறையட்டும் என்று நடுத்தட்டு முழுக்க அலுமினியத் தாள் விரித்து, மூலைகளைக் கம்பியோடு சேர்த்து மடித்தும் விட்டிருந்தார். தாளுக்குக் கீழே 128, மேலே 104. தாளைக் கிழித்ததும் இருபது நிமிடத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. கொழுப்பு பிடிக்கத் தட்டு வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கீழே, தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் அது காற்றுக்குப் போட்ட கதவு.

இதற்கு அப்புறமும் வித்தியாசம் இருந்தால், ஒரு தட்டில் இடதுபக்கம் இடைவெளி, அடுத்த தட்டில் வலதுபக்கம் இடைவெளி என்று வளைந்து வளைந்து காற்று ஏறும்படி அடுக்கிப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால் கீழ்த் தட்டைக் காலியாக விட்டுவிடுங்கள். இரண்டு பட்டை குறையும்தான், ஆனால் பத்து நன்றாக வரும்.

### மேல் தட்டு முந்தினால்

பெட்டி பாதிதான் நிரம்பியிருக்கும், அல்லது புகைபோக்கியை மூடி வைத்திருப்பீர்கள். மூடினால் சூடு உள்ளேயே நிற்கும் என்பது சரியான நினைப்புதான், எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. கூரைக்கு அடியில் நிற்கும். புகைபோக்கியை முழுக்கத் திறந்துவிட்டு, கரி ஸ்மோக்கராக இருந்தால் கீழே உள்ள காற்றுவாயை வைத்து மட்டும் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். கனமான பட்டைகளை மேலே வையுங்கள், மெலிந்தவற்றைக் கீழே.

அது சரியாக இருந்தும் கீழ்த் தட்டு மட்டும் குளிர்ந்து கிடந்தால் கதவின் அடிப்பக்கம் ஒழுகுகிறது. ஒரு காகிதத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சீல் செத்துவிட்டது. முதலில் சீல் மேல் படிந்திருக்கும் கொழுப்பைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், பாதி நேரம் அந்தப் பிசுக்குதான் கதவை மூடவிடாமல் தடுக்கும். அப்புறம் தாழ்ப்பாளின் திருகை ஒரு சுற்று இறுக்குங்கள். அதுவும் ஆகவில்லை என்றால்தான் புதுச் சீல், உயர் வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து.

### இடம் வலம், முன் பின் வித்தியாசம் என்றால்

ஸ்மோக்கர் சாய்ந்து நிற்கிறதா பாருங்கள், தண்ணீர்ப் பாத்திரத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதே சாட்சி. காற்று அடிக்கும் பக்கம் கதவு இருந்தால் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

### இடம் மாற்றுவது எப்படி

110 டிகிரியில் ஸ்பேர் ரிப்ஸுக்கு (பன்றியின் வயிற்றுப் பக்கத்து விலா) 5 முதல் 6 மணி நேரம், பேபி பேக்குக்கு (முதுகெலும்பை ஒட்டிய சின்ன விலா) 4 முதல் 5. பெட்டி நிறைந்திருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாற்றம் பாதி நேரத்தில். மேலது கீழே, கீழது மேலே, போகிற போக்கில் ஒவ்வொரு தட்டையும் முன்பின்னாகத் திருப்பி. எல்லாப் பட்டையும் உள்ளே 63ஐத் தாண்டிய பிறகே மாற்றுங்கள், இல்லையென்றால் வேகாததன் சாறு வெந்ததன் மேல் சொட்டும். இரண்டு பேர் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும். தனியாளாக இருந்தால் பக்கத்தில் ஒரு மேசை போட்டு இரண்டு தட்டை வெளியே எடுத்ததும் கதவைச் சாத்திவிட்டு யோசியுங்கள், திறந்துவைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் பத்துப் பதினைந்து நிமிடச் சூடு போய்விடும்.

### இதற்கு மேல் செலவு

அனல் தடுப்புத் தகடு ஒன்று கீழே வைப்பது, அப்புறம் பெட்டிக்குள் காற்றைச் சுழற்றும் விசிறி. விசிறி வேலை செய்யும், மறுக்கவில்லை, ஆனால் மேலே சொன்னதையெல்லாம் செய்யாமல் விசிறி மாட்டினால் தப்பான அடுக்கைச் சுழற்றிவிடும், அவ்வளவுதான். கரண்ட் ஸ்மோக்கரின் சுவரில் நீங்களாகத் துளை போட வேண்டாம், இரட்டைத் தகட்டுக்கு நடுவில் ஒயர் ஓடும்.

## அறிகுறி 2: ஒரே பட்டையில் ஒரு முனை கருவாடு, மறுமுனை பச்சை

இது ஸ்மோக்கரின் தப்பே இல்லை, கத்தியின் தப்பு. ஸ்பேர் ரிப்ஸ் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வாலாக முடியும். குருத்தெலும்புப் பகுதியையும் அந்த வாலையும் வெட்டிச் சதுரமாக்கினால், அதாவது செயின்ட் லூயிஸ் கட் என்று சொல்வார்களே அப்படி, பாதிப் பிரச்சினை முடிந்தது. வெட்டியதை வீணாக்க வேண்டாம், தனித்தட்டில் வைத்தால் சமைக்கிறவருக்கு முதல் கவளம்.

வெட்ட மனமில்லை என்றால் பாதி நேரத்துக்கு அப்புறம் வாலுக்கு மட்டும் அலுமினியத் தாளில் தொப்பி போடுங்கள். தடித்த முனையைச் சூடான பக்கம் வையுங்கள், அது எந்தப் பக்கம் என்று ப்ரோப் ஏற்கெனவே சொல்லியிருக்கும். பட்டை சுவரைத் தொடுகிறதா என்றும் பாருங்கள், தகடு பட்ட இடம் வறுபடும்.

எலும்புப் பக்கத்துச் சவ்வை உரிக்காமல் விட்டால் பட்டை சுருண்டு ஒரு முனை தூக்கிக்கொள்ளும். கரண்டிக் காம்பை எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவில் விட்டுக் கிளப்பி, காகிதத் துடைப்பானால் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வரும். வழுக்குகிறது என்று வெறும் கையால் மல்லுக்கட்ட வேண்டாம்.

## அறிகுறி 3: இறைச்சியை வைத்ததும் சூடு விழுந்தது, ஏறவே மாட்டேன் என்கிறது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதினைந்து கிலோ குளிர்ந்த இறைச்சியை உள்ளே தள்ளியிருக்கிறீர்கள், 40 முதல் 60 நிமிடம் சூடு திரும்ப எடுத்துக்கொள்வது நியாயமான விஷயம். அடுத்த முறை வேண்டிய சூட்டைவிட 20 டிகிரி கூட்டி, முக்கால் மணி நேரம் பெட்டியைக் காயவைத்து, எல்லாத் தட்டையும் வெளியிலேயே அடுக்கிவைத்து ஒரேயடியாக ஏற்றுங்கள். பாதி உறைந்த பட்டையை ஏற்றுவது மட்டும் கூடாது. 4லிருந்து 60 டிகிரி வரையிலான தூரத்தை இறைச்சி நான்கு மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும்.

பெட்டியின் சூடு சரியாக இருந்து, இறைச்சியின் உட்சூடு மட்டும் 65க்கும் 75க்கும் நடுவில் மணிக்கணக்கில் நின்றால் அது கோளாறு இல்லை. வியர்த்துக் குளிர்கிற மாதிரி இறைச்சியும் தன் ஈரத்தை விட்டுக் குளிர்ந்துகொண்டிருக்கிறது. பெட்டி நிறைந்திருந்தால் உள்ளே ஈரம் அதிகம், இது இன்னும் இழுக்கும். பொறுமை இருந்தால் காத்திருங்கள், இல்லையென்றால் அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

ஒரு மணி நேரம் தாண்டியும் பெட்டியே ஏறவில்லை என்றால் கீழே உங்கள் வகையைப் பாருங்கள்.

### கரண்ட் ஸ்மோக்கர்

நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டியிருக்கிறீர்களா? மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் ஹீட்டரின் வலு 19 சதவீதம் இறங்கும். காலிப் பெட்டியில் தெரியாது, நிரப்பிய பெட்டியில் தெரியும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது உள்ளே இருக்கும் சென்சார். விரல்நீளத்துக்குக் குச்சி மாதிரி பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் தார் மாதிரி கருப்புப் படிந்திருந்தால் சூட்டைத் தாமதமாக உணரும், பெட்டி ஊஞ்சலாடும். ஈரத்துணியும் கொஞ்சம் சமையல் சோடாவும் போதும். அதைத் தொட்டுக்கொண்டு ஒரு குளிர்ந்த பட்டை இருந்தாலும் கணக்கு தப்பும், அப்போது கண்ட்ரோலர் "இன்னும் குளிராக இருக்கு" என்று நினைத்து மற்றதையெல்லாம் வறுத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஹீட்டரின் இரண்டு முனைகளைப் பாருங்கள். ஒயர் மாட்டியிருக்கும் கிளிப் பழுப்பேறி, ஒயரின் உறை முறுகி அப்பளமாகியிருந்தால் அதுதான் ஆள். மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் (மின்தடை) பாருங்கள். எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள். 230 வோல்ட், 1200 வாட் என்றால் 44 ஓமுக்குப் பக்கத்தில், 120 வோல்ட், 800 வாட் என்றால் 18க்குப் பக்கத்தில். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் போய்விட்டது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கிளிப் கருகியிருந்தால், தொட்டால் லேசாக ஷாக் அடித்தால், பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால். "இன்னைக்கு மட்டும் ஓட்டிக்கிறேன்" என்பது வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

### கேஸ் ஸ்மோக்கர்

தீ சின்னதாக, என்ன திருகினாலும் பெரிதாகாமல் நின்றால், சிலிண்டரைப் படாரென்று திறந்ததில் ரெகுலேட்டரின் பாதுகாப்பு அமைப்பு விழுந்திருக்கலாம். சிலிண்டரை மூடி, பர்னர் குமிழையும் மூடி, சில நிமிடம் விட்டு, சிலிண்டரை மெதுவாகத் திறந்து பற்றவையுங்கள். சிலிண்டரின் வெளிப்பக்கம் பனி பிடித்திருந்தால் சின்ன சிலிண்டரிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கிறீர்கள். தீ மஞ்சளாக ஆடினால் பர்னருக்குக் காற்று போகும் குழாயில் சிலந்திவலையோ கொழுப்போ அடைத்திருக்கும், ஆறவிட்டுப் பிரஷ் போடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை பொங்கினால் அத்தோடு சரி, சிலிண்டரை மூடுங்கள். ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்ப்பது வீட்டு வேலை இல்லை.

### கரி ஸ்மோக்கர்

சாம்பல். வேறு எதையும் யோசிக்கும் முன் சாம்பல் தட்டை இழுத்துப் பாருங்கள், கம்பிக்கு அடியில் மூச்சு விட இடம் இருக்காது. மேலிருந்து கரி தானாகச் சரிந்து இறங்கும் வகையாக இருந்தால் கரி நடுவில் சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும், கீழே நெருப்பு பட்டினி கிடக்கும், மேலே கரி நிறைந்தே தெரியும். பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். உர்ரென்று சரியும் சத்தம் கேட்டால் அதுதான் விஷயம்.

எந்த வகையானாலும், குளிர் அல்லது மழை என்பதற்காக ஸ்மோக்கரைக் கார் ஷெட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவுக்குள்ளோ தள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

## அறிகுறி 4: கசக்கிறது, நாக்கு மரத்த மாதிரி இருக்கிறது, மேலே கரும்புள்ளி

புகையின் நிறத்தைப் பாருங்கள். கட்டியாக, வெள்ளையாக, பஞ்சு மாதிரி வந்தால் மரம் எரியவில்லை, மூச்சுத் திணறிக் கனன்றுகொண்டிருக்கிறது. நமக்கு வேண்டியது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான மெல்லிய நீலப் புகை. புகைபோக்கியை முழுக்கத் திறங்கள். மரச்சீவலை ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தண்ணீர் மரத்துக்குள் அவ்வளவாக இறங்காது, மேல் ஈரம் போகும் வரை ஆவிதான் வரும். ஒரே நேரத்தில் கைநிறையப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பெட்டி நிறைய இறைச்சி என்பதற்காகப் புகையையும் அதே கணக்கில் கூட்ட வேண்டியதில்லை, பெட்டிக்குள் இருக்கும் புகை எல்லாப் பட்டைக்கும் பொதுதான். மெஸ்கிட் மாதிரி காரமான மரத்தை ஐந்து மணி நேரம் போட்டால் எவ்வளவு நல்ல பெட்டியும் காப்பாற்றாது.

கரும்புள்ளிகள் மேல் தட்டில் மட்டும், அதுவும் புகைபோக்கிக்கு நேர் கீழே இருந்தால், அண்ணாந்து பாருங்கள். புகைபோக்கியின் உள்விளிம்பில் வெல்லப்பாகு மாதிரி கருப்பாக ஒரு துளி திரண்டு, தொங்கி, கனம் தாங்காமல் விழுவது தெரியும். அது கிரியோசோட், குளிர்ந்த தகட்டில் ஆவியும் புகையும் சேர்ந்து படிவது. அன்றைக்கு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் கூரையையும் புகைபோக்கியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சுவரில் மெல்லிய கருப்புப் பூச்சு இருக்கலாம், பளபளவென்று உரிந்து தொங்குவது இருக்கக்கூடாது.

## அறிகுறி 5: கீழ்த் தட்டில் மசாலா கழுவிப் போய் வெளிறிக் கிடக்கிறது

மேலே இருக்கும் ஏழு தட்டின் கொழுப்பும் அங்கேதான் மழையாகப் பெய்கிறது. பட்டைகளைச் சதைப்பக்கம் மேலே பார்க்க வைத்தால் மழையை நேரடியாக வாங்கும், அதனால் முதல் பாதிக்குக் கீழ் இரண்டு தட்டில் மட்டும் எலும்புப் பக்கத்தை மேலே திருப்புங்கள். மசாலா தடவி அரை மணி நேரமாவது விட்டு, அது ஈரமாகிப் பிடித்துக்கொண்ட பிறகு ஏற்றுங்கள். பாதி நேரத்தில் இடம் மாற்றியதும் பாக்கி தானாகச் சரியாகும்.

## அறிகுறி 6: வெந்திருக்கிறது, ஆனால் புகை வாசமே இல்லை

கரண்ட் ஸ்மோக்கர்காரர்களின் புலம்பல் இது. ஹீட்டர் எரியும்போதுதான் சீவல் புகையும், நன்றாகக் காய்ந்த பெட்டியில் ஹீட்டர் அணைந்தே கிடக்கும். பெல்லட் (அழுத்திய மரத்தூள் குச்சிகள்) நிரப்பிய துளையிட்ட குழாய் ஒன்றைப் பற்றவைத்து உள்ளே வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு வளையம் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம், அது நெருப்பு எரிவதில் வரும் வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வருவது, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல அந்தச் சிவப்பைப் பார்த்து "வேகல" என்று திருப்பி அனுப்புபவர்களிடம் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள்.

## அறிகுறி 7: சில பட்டை ரப்பர், சில பட்டை தொட்டால் உதிர்கிறது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் தாளில், ஒரு மணி நேரம் சாஸ் தடவித் திறந்து என்ற 3-2-1 கணக்கைப் பன்னிரண்டு பட்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இதுதான் நடக்கும். அந்தக் கணக்கு தடித்த ஸ்பேர் ரிப்ஸுக்கு, பேபி பேக்குக்குத் தாளில் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் அதிகம்.

பட்டை பட்டையாகப் பாருங்கள். இடுக்கியால் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் பிடித்துத் தூக்குங்கள். நேராக நின்றால் இன்னும் நேரம் இருக்கிறது. தலை தொங்கி, வளையும் இடத்தில் மேல்தோல் வெடித்து உள்ளே வெளிர்நிறச் சதைநார் தெரிந்தால் எடுங்கள். இடுக்கியிலேயே இரண்டாகப் பிளந்தால் தாமதித்துவிட்டீர்கள். தெர்மாமீட்டர் 90க்கும் 95க்கும் நடுவில் சொல்லும், ஆனால் இரண்டு எலும்புக்கு நடுவில் முனை எலும்பில் படாமல் குத்துவது கஷ்டம் என்பதால் நான் பல்குத்தியைத்தான் நம்புகிறேன். இளகிய வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்க வேண்டும். எலும்பு நுனி ஒரு செ.மீ. வெளியே தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சூடான தட்டில் வேகுவதற்கு முன்பே அது தெரியும்.

ரப்பராக இருப்பதைத் தாளில் சுற்றி இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு உள்ளே அனுப்புங்கள், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். உதிர்ந்ததை எலும்பு நீக்கிச் சாஸில் பிரட்டிவிடுங்கள், அப்படித்தான் செய்ய நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

## அறிகுறி 8: சூடு திடீரென்று எகிறுகிறது, கதவிடுக்கில் கரும்புகை

கொழுப்பு பற்றிக்கொண்டது. கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் காற்று கிடைத்து உங்கள் முகத்துக்கு வரும். தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸை மூடுங்கள் அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள், எல்லாக் காற்றுவாயையும் புகைபோக்கியையும் அடையுங்கள், தள்ளி நில்லுங்கள். சில நிமிடத்தில் சூடு இறங்கத் தொடங்கவில்லை என்றால், அல்லது தீ பெட்டிக்கு வெளியே வந்தால், தீயணைப்புத் துறை. இறைச்சியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். அணைந்த பிறகு ஒயர், ரப்பர் குழாய், சீல் எல்லாவற்றையும் சரிபார்க்காமல் மறுபடி பற்றவைக்க வேண்டாம். ஒவ்வொரு பெரிய சமையலுக்கும் முன் சொட்டுத் தட்டைக் காலி செய்திருந்தால் இது பெரும்பாலும் வராது.

## அறிகுறி 9: எல்லாம் நன்றாக வந்தது, ஆனால் ஒரே நேரத்தில் வரவில்லை

இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். பன்னிரண்டு பட்டையும் ஒரே நிமிடத்தில் முடிகிற கேபினட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. முதல் பட்டை கடைசிப் பட்டைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் முடிந்தால் அது நல்ல நாள். முடிந்ததைத் தாளில் இரட்டையாகச் சுற்றி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் காலி செய்த ஐஸ்பெட்டியில் பழைய துண்டு விரித்து அடுக்கி, இடைவெளியையெல்லாம் இன்னொரு துண்டால் அடைத்து மூடுங்கள். பெட்டி நிறைய நிறைய நன்றாகச் சூடு நிற்கும், இரண்டு மூன்று மணி நேரம் தாராளம். ஒரு ப்ரோப்பை உள்ளே விட்டுவையுங்கள். 60க்குக் கீழே இறங்குகிற மாதிரி தெரிந்தால் உடனே பரிமாறுங்கள், அல்லது திரும்ப ஸ்மோக்கருக்கு அனுப்புங்கள். சாஸ் தடவ வேண்டியதை இப்போது தடவ வேண்டாம், எல்லாமே கையில் வந்த பிறகு கடைசி அரை மணி நேரத்தில் ஒன்றாகத் தடவி உள்ளே வைத்தால் முந்தியதும் பிந்தியதும் தட்டில் யாருக்கும் அடையாளம் தெரியாது.